ஹேர்னியா ஒப்பரேசனுக்கு முன் போட்ட அந்த ஒரு ஊசி

காலபோக அறுவடை முடிந்து நெல் வரத் தொடங்கிவிட்டால் பரந்தனில் எங்கள் மில்லில் மூச்சுவிட நேரம் கிடைக்காது. மூட்டை தூக்க ஆட்கள் உண்டுதான். ஆனாலும் வாசலில் மூன்று லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரிசையில் நிற்கும்போது கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, நானும் ஒரு கை கொடுப்பேன். அப்படி ஒரு மாசி மாதத்தில்தான் வலது கவட்டில் கோழிமுட்டை அளவில் ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். எழும்பி நின்று இருமினால் திரும்ப வரும். ஹேர்னியா, அதாவது குடலிறக்கம். கிட்டத்தட்ட ஒரு வருடம் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பாமசியில் பெல்ட் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பயத்துக்குக் காரணம் என் அத்தான்.

அத்தான் புதுக்குடியிருப்பில் இருக்கிறார். என் அக்காவின் கணவர். நாலு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே ஒப்பரேசன் நடந்தது, தள்ளுகிற இடத்தை மூட ஒரு செயற்கை வலை வைத்துத் தைத்தார்கள். எட்டாம் நாள் காயத்தின் ஓரம் சிவந்தது. பத்தாம் நாள் மஞ்சளாக நீர் கசிந்தது. ஒருநாள் மருந்து கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். மிஸ்ஸி (தாதி) பழைய துணியை உரித்ததும் காயத்தின் நடுவில் ஒரு சின்னத் துவாரம் தெரிந்தது. அவர் நீளமான துணித்திரி ஒன்றை சேலைனில் நனைத்து அந்தத் துவாரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். போய்க்கொண்டே இருந்தது, ஒரு விரல் நீளத்துக்கு மேல். அத்தான் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அது முழுதாக மூட மூன்றரை மாதம் எடுத்தது. அந்தச் சிறுபோகத்தில் அவர் வயலில் கால் வைக்கவில்லை.

அதைப் பார்த்தவனுக்கு ஒப்பரேசன் என்ற சொல்லே கசக்கும். ஆனால் அடுத்த அறுவடையில் கட்டி உள்ளே போக மறுக்கத் தொடங்கியது. ஒருநாள் மனைவி கண்டுவிட்டார். அந்தப் பங்குனியிலேயே கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியைப் பார்த்தது இரண்டு நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் மற்றதைப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி அளவு நாடா வைத்தார்: 104 சென்ரிமீற்றர். பிரசர் 150க்கு 90. வெறும் வயிற்றில் சீனி 168. கொழுப்பு அறிக்கையில் ட்ரைகிளிசரைட் 240, நல்ல கொழுப்பு 34. மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி 9.4. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவிட்டு, "ஐயா, உங்களுக்கு இருக்கிறது ஒரு வருத்தமில்லை, ஒரு கூட்டம்" என்றார். மெட்டபோலிக் சின்ட்ரோம் என்று பெயர் சொன்னார். எங்கள் ஆண்களுக்கு இடுப்பு 90க்கு மேல், பெண்களுக்கு 80க்கு மேல். பிரசர் 130க்கு 85க்கு மேல். வெறும் வயிற்றுச் சீனி 100க்கு மேல். ட்ரைகிளிசரைட் 150க்கு மேல். நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழ். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே அந்தப் பெயர்தான். என்னிடம் ஐந்தும் இருந்தன.

பிறகு சாரத்தை விலக்கச் சொன்னார். கவட்டு மடிப்பில் வட்டமாகப் படை. ஈரச் சாரத்தோடு நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதல்ல, நான் அதை ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. அவர் அதைக் காட்டி, "இதுக்கு மேலாலையா நான் வெட்டுறது? முதல் இதை மாத்திக்கொண்டு வாங்கோ. அந்த மூன்று மாதச் சராசரியை 8க்குக் கீழே கொண்டு வாங்கோ. ஆனியிலே பார்ப்பம்" என்றார். பூச ஒரு கிறீம் எழுதித் தந்தார்.

எனக்குச் சரியான கோபம். வருத்தத்தோடு வந்தவனைத் திருப்பி அனுப்புகிறாரே என்று. வீட்டுக்கு வந்ததும் மருமகளுக்குப் போன் போட்டேன். அக்காவின் மகள், யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் படிக்கிறாள். அத்தானுக்குக் காயம் பழுதான காலத்தில் அவள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தகப்பனுக்குத் தந்த டயக்னோசிஸ் கார்டை இன்னும் பையில் வைத்திருக்கிறாள்.

"ஏன் மாமா, ஒரு ஸ்ரோங்கான ஊசியைப் போட்டுவிட்டு வெட்டினால் என்ன என்று கேட்கிறீங்களா?" என்றாள். அதையேதான் நான் கேட்க நினைத்திருந்தேன்.

அன்றிரவு அவள் சொன்னதும், அதன்பிறகு நான் கேட்டுக் கேட்டு விளங்கிக்கொண்டதும்தான் இதை எழுதக் காரணம்.

கவட்டு ஹேர்னியா ஒரு சுத்தமான ஒப்பரேசன். குடலை வெட்டுவதில்லை, சீழ் கிடையாது. அதனால் வேறு வருத்தம் இல்லாத ஒருவருக்கு, காயங்களில் கிருமி பிடிப்பது குறைவாக உள்ள ஆஸ்பத்திரியில் செய்யும்போது, முன்கூட்டி அன்டிபயோட்டிக் தேவையே இல்லை என்றுதான் 2018 இல் வந்த பன்னாட்டு ஹேர்னியா வழிகாட்டி சொல்கிறது. ஆனால் அதே வழிகாட்டி இரண்டு விலக்குச் சொல்கிறது. நோயாளி ஆபத்துக் கூடியவர் என்றால் போட வேண்டும். நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் காயம் பழுதாகிற இடம் என்றால் எல்லாருக்கும் போட வேண்டும். சீனி வருத்தமும் தொப்பையும் உள்ள நான் முதலாவது விலக்குக்குள் வருகிறேன்.

ஏன் எங்களுக்கு ஆபத்துக் கூட? சீனி கூடிய இரத்தத்தில் கிருமியைப் பிடித்துத் தின்னும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். சின்ன இரத்தக் குழாய்களும் பழுதாகத் தொடங்கியிருக்கும். அடுத்தது கொழுப்பு. தோலுக்குக் கீழே தடிப்பாகக் கொழுப்பு இருந்தால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு, மருந்து போய்ச் சேர்வதும் குறைவு. இதை மருமகள் சொன்னபோது எனக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால்தான் நினைவுக்கு வந்தது. துருசு (மதகு) திறந்தவுடனே கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்துவிடாது. முதல் வயல்கள் குடித்து, வாய்க்கால் நிறைந்து, பிறகுதான் வரும். அதுவும் மெல்லிசாக.

மூன்றாவது வலை. அது உடம்புக்கு அந்நியப் பொருள். தோலில் சாதாரணமாக இருக்கிற கிருமி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றி ஒரு பாசிபோலப் படலம் கட்டிக்கொள்ளும். கிணற்றுக்கட்டில் பிடித்த பாசியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? அதுபோலத்தான், பிறகு எவ்வளவு மருந்து ஏற்றினாலும் உள்ளே போய்ச் சேராது. சிலருக்கு வலையையே எடுக்க வேண்டி வரும். அதனால் கிருமி ஒட்ட முதலே, வெட்டுகிற அந்த நேரத்தில், இரத்தத்திலும் சதையிலும் மருந்து நிறைந்து நிற்க வேண்டும்.

இங்கேதான் நேரம் வருகிறது. 1992 இல் அமெரிக்காவில் 2847 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றை மருமகள் சொன்னாள். வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 வீதத்தினருக்குத்தான் காயத்தில் கிருமி பிடித்தது. அதைவிட முன்கூட்டியே போட்டவர்களில் 3.8 வீதம். வெட்டி மூன்று மணித்தியாலம் கழித்துப் போட்டவர்களில் 3.3 வீதம். பிந்திப் போட்டாலும் பிழை, முந்திப் போட்டாலும் பிழை. இப்போது செபசோலின், செபுரொக்சிம் போன்ற ஊசிகளை வெட்டுவதற்கு முந்தைய ஒரு மணித்தியாலத்துக்குள் போடப் பார்க்கிறார்கள். ஒப்பரேசன் நாலு மணித்தியாலத்துக்கு மேல் இழுபட்டால் செபசோலினை இன்னொரு தரம் போடுவார்கள். நிறை 120 கிலோவைத் தாண்டினால் இரண்டு கிராமுக்குப் பதில் மூன்று கிராம். அதனால்தான் வார்டில் நிறை பார்க்கும்போது குத்துமதிப்பாகச் சொல்லாமல் தராசில் ஏறி நிற்க வேண்டும்.

அத்தானுக்கு என்ன நடந்தது என்று அக்காவைக் கேட்டேன். காலை ஏழு மணிக்கு வார்டில் வைத்து ஊசியைப் போட்டுவிட்டார்கள். அதற்குள் அவசரமாகப் பிள்ளைப்பேற்று ஒப்பரேசன் இரண்டு வந்து தியேட்டர் பிடிபட்டுப்போனது. அவரை உள்ளே கொண்டுபோனது மதியம் பன்னிரண்டரைக்கு. திரும்ப ஊசி போட்டதாக அக்காவுக்கு நினைவில்லை, கார்டிலும் இல்லை. அதோடு, அன்று காலை அவருடைய சீனி 280. அதைவிட, அவர் மூன்று நாளுக்கு முன்பிருந்தே தானாக ஒரு கடையில் அமொக்சிசிலின் வாங்கி விழுங்கியிருக்கிறார், "எதுக்கும் பாதுகாப்பு" என்று. டொக்டருக்கு அதைச் சொல்லவே இல்லை. எதனால் காயம் பழுதானது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. தாய்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் போனவர்களிலும் பிழை சொல்ல மாட்டேன். ஆனால் பட்டியல் பிந்தினால் ஊசியின் நேரத்தையும் பிந்த வைக்க வேண்டும் என்பதை அன்று யாராவது ஒருவர் நினைத்திருந்தால் நல்லது.

அடுத்த மூன்று மாதமும் எனக்கு ஊசியைவிடப் பெரிய வேலை சீனிதான். மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினேன். இரவில் புட்டை ஒரு கோப்பைக்கு அளந்து, மீதிக்கு முருங்கையிலையும் பருப்பும் மீனும். தேத்தண்ணீருக்குச் சீனி இல்லை. மாலையில் ஒரு மணித்தியாலம் நடை. நடக்கும்போது பெல்ட் போட்டுக்கொண்டேன், பாரம் தூக்குவதை அடியோடு விட்டேன். கிளினிக்கில் குளிசையைக் கூட்டித் தந்தார்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் குடும்பத்தோடு போனோம். கையில் வைத்த பொங்கலை ஒரு வாய் மட்டும் எடுத்துவிட்டுப் பேரனுக்குக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல்தரம். ஆனியில் எச்பிஏ1சி 7.6, நிறை 88 இலிருந்து 82. படையும் மாறிவிட்டது. கிறீமை, மேலுக்கு மறைந்த பிறகும் டொக்டர் சொன்ன நாள் வரை பூசினேன்.

இப்படிக் காத்திருக்கிற காலத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கட்டி கல்லுப்போல இறுகி, உள்ளே தள்ளுப்படாமல், நோவும் சத்தியும் வந்தால் சீனியாவது ஆனியாவது, அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம்.

பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் என்னிலும் அக்கறையாக, "அண்ணை, இப்பவே ஒரு ஐஞ்சு நாளுக்குக் குளிசையைப் போடுங்கோ, உடம்பு சுத்தமா இருக்கும்" என்றார். ஆள் நல்ல மனிதர், அதனால் ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். முன்கூட்டி விழுங்கும் குளிசை சாதுவான கிருமிகளைக் கொன்றுவிட்டு முரட்டுக் கிருமிகளைத் தோலிலும் வயிற்றிலும் மிச்சம் வைக்கும். பிறகு ஒப்பரேசன் அன்று போடும் ஊசி அவற்றில் எடுபடாமல் போகலாம். வயலில் ஒரே களைநாசினியை வருடக்கணக்காக அடித்து, இப்போது எதற்கும் சாகாத கோரையோடு நிற்கிறோமே, அதுதான் கதை. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அவரும் வயல் செய்கிறவர்.

வார்டில் சேர்ந்த அன்று மிஸ்ஸி, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். இது சின்னக் கேள்வி போலத் தெரியும். எங்கள் பக்கத்தில் சின்னக் கேள்வியில்லை. 2009 இல் இடம்பெயர்ந்தபோது எத்தனை பேருடைய கிளினிக் கொப்பிகள் போய்விட்டன. முகாமில் இருந்த காலத்தில் ஏதோ ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்தது என்று மனைவி சொல்லுவார். என்ன ஊசி என்று தெரியாது. அப்படி எதுவும் இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் சொல்லுங்கள். என்ன நடந்தது, எத்தனை நிமிடத்தில் நடந்தது, மூச்சு முட்டியதா என்று சொன்னால் போதும், எந்த ஊசி பாதுகாப்பு என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். உடம்பில் போரில் பட்ட செல் துண்டு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பரேசனுக்கு முதல்நாள் இரவு சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளித்தேன். பிளேட் எடுத்து நானே மயிரை வழிக்கலாம் என்று இருந்தேன். மருமகள் போனில் கத்தியே விட்டாள். பிளேட் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும், ஒவ்வொரு கீறலும் கிருமிக்கு ஒரு வாசல். தேவையென்றால் அவர்கள் மெசினால் கத்தரித்துவிடுவார்கள், இல்லையென்றால் அப்படியே விடலாம். என் பக்கத்துக் கட்டில்காரர் வீட்டிலேயே வழித்துக்கொண்டு வந்து, இரண்டு இடத்தில் வெட்டுக்காயத்தோடு கிடந்தார். பாவம், சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார்.

காலையில் சீனிக்குப் போடும் மெற்போமின் வேண்டாம், பிரசருக்குப் போடும் அம்லோடிபின் மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு என்றார்கள். இது எனக்குச் சொன்னது. ஒவ்வொருவருக்கும் மாறும், குறிப்பாக முடிவில் 'கிளிபுளோசின்' என்று வரும் சீனிக் குளிசை எடுப்பவர்கள் மூன்று நாலு நாளுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டி வரும், முதலே கேட்டு வையுங்கள். அன்று காலை என் சீனி 138.

வார்டில் ஊசி போடவில்லை. எனக்குள் பதற்றம். கேட்பதா விடுவதா என்று யோசித்து, தள்ளுவண்டியில் ஏற்றும்போது கேட்டேவிட்டேன். "மிஸ்ஸி, அன்டிபயோட்டிக் ஊசி எப்ப போடுவீங்கள்?" அவர் கோபிக்கவில்லை. "தியேட்டருக்குள்ளே போடுவம் ஐயா, இஞ்ச போட்டால் பிந்தினால் வீணாப் போயிடும்" என்றார். அந்த ஒரு வசனத்தில் நாலு வருடப் பயம் பாதி இறங்கிவிட்டது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்தார்கள். நான் முழிப்பு. எதிர்ச் சுவரில் மணிக்கூடு. 8.52க்குக் கையில் இருந்த கனுலாவில் வெள்ளை ஊசியை மெதுவாக ஏற்றினார்கள். வெட்டுவதற்கு முன் ஒருவர் தாளைப் பார்த்து உரக்க வாசித்தார். என் பெயர், எந்தப் பக்கம், என்ன ஒப்பரேசன், கடைசி 60 நிமிடத்துக்குள் அன்டிபயோட்டிக் கொடுத்தாச்சா? "எட்டு ஐம்பத்திரண்டு" என்று பதில் வந்தது. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல் அது என்று பிறகு அறிந்தேன். கத்தி பட்டபோது மணிக்கூட்டில் 9.14. எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஏதோ வயிற்றை ஒருவர் தடவுவது போல் இருந்தது. பத்தரைக்கு வெளியே வந்துவிட்டேன்.

மாலையில் சீனி 210 காட்டியது. சாப்பிடாமலே எப்படி ஏறும் என்று நான் கேட்க, உடம்புக்கு வெட்டே ஒரு அதிர்ச்சி, அது சீனியை ஏற்றும் என்றார்கள். கொஞ்சம் இன்சுலின் போட்டு இறக்கினார்கள். ஒப்பரேசனைச் சுற்றிய நேரத்தில் சீனி 200க்குக் கீழே நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு.

மறுநாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது பனடோல் மட்டும்தான் தந்தார்கள். அன்டிபயோட்டிக் குளிசை ஒன்றும் இல்லை. மனைவிக்குச் சந்தேகம், மறந்துபோனார்களோ என்று. போய்க் கேட்டோம். சுத்தமான காயம், உள்ளே இருக்கவேண்டிய நேரத்தில் மருந்து இருந்தது, தைத்து மூடிய பிறகு கொடுப்பதால் லாபமில்லை என்றார் டொக்டர். உலக சுகாதார நிறுவனமும் 2016 வழிகாட்டியில் அதைத்தான் சொல்லியிருக்கிறது. சரி என்று வந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் விதைப்பை நாவற்பழ நிறத்தில் கறுத்து வீங்கிவிட்டது. நான் செத்தேன் என்றே நினைத்தேன். படம் எடுத்து அனுப்பக் கூச்சம், வாயால் சொன்னேன். மருமகள் நாலு கேள்வி கேட்டாள். காய்ச்சல் இருக்கா? காயத்தைச் சுற்றிச் சூடா, சிவப்பா? நீர் கசியுதா? நோ நாளுக்கு நாள் கூடுதா? நாலுக்கும் இல்லை. "அது கண்டின இரத்தம் மாமா, கீழே இறங்கியிருக்கு, ரெண்டு கிழமையில் மாறும்" என்றாள். மாறியது. அந்த நாலு கேள்வியையும் மனைவி கலண்டரில் எழுதி ஒட்டி வைத்தார். ஒன்றுக்கு ஆம் என்றாலும் குளிசை வாங்கக் கடைக்கில்லை, வார்டுக்குத்தான் போவது என்று. வலை வைத்தவர்கள் மூன்று மாதம் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும், சிலருக்கு அதற்குப் பிறகும் தலைகாட்டலாம்.

நெல் தூசு பறக்கிற மில்லுக்குள் ஒரு மாதம் போகவில்லை. மூட்டை தூக்குவதை ஆறு கிழமைக்கு மறந்தேன். உண்மையைச் சொன்னால், இன்றுவரைக்கும் தூக்கவில்லை.

போன மாதம் அத்தானுக்கு இடது பக்கமும் தள்ளத் தொடங்கிவிட்டது. முதலில் முடியவே முடியாது என்று நின்றார். நான் புதுக்குடியிருப்புக்குப் போய் இரண்டு நாள் இருந்தேன். சாரத்தை விலக்கி என் தழும்பைக் காட்டினேன், மெல்லிய கோடு மட்டும்தான். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு தன் பக்கத்துக் குழிவிழுந்த தழும்பைத் தடவினார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது மேசை லாச்சியில் ஒரு கொப்பி வைத்திருக்கிறார். காலைச் சீனியை அதில் எழுதுகிறார். நேற்று 146. எழுதிவிட்டு எனக்குப் போன் எடுத்து, "தம்பி, உனக்கு அந்த ஊசி போட்டது எத்தனை மணிக்கு என்று சொன்னனீ?" என்று கேட்டார். எட்டு ஐம்பத்திரண்டு என்றேன். அதையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.